ஏசி நெத்தியில ஒரு பொட்டு

தூக்கம் வரலன்னு டாக்டர்கிட்டப் போகப்போறியாமே, பேராண்டி? தாராளமாப் போ. தில்லை நகர்ல குடியிருக்கிறவன் டாக்டரத் தேடியா அலையணும்? பால்கனியில நின்னு ரெண்டு தும்மு தும்முனா எதிர் கிளினிக்குலேருந்து டோக்கன் நம்பர் கூப்பிடுவான். மெயின் ரோட்டுலேருந்து ஒவ்வொரு கிராஸா நடந்து பாரு. பல்லுக்கு ஒருத்தர், முதுகுக்கு ஒருத்தர், முடிக்கு ஒருத்தர்னு போர்டு தொங்குது. தூக்கத்துக்கும் யாராச்சும் இல்லாமலா போயிடுவாங்க? ராத்திரி பூரா மண்டையில ஒயர ஒட்டிப் படுக்க வச்சுப் பாப்பாங்களாம். அதுக்கு முன்னாடி இந்தக் கிழவன்கிட்ட ஒரு தடவை காட்டிட்டுப் போ. எனக்கு பீஸ் வேண்டாம். சாயங்காலம் ஒரு காப்பி, சர்க்கரை கொஞ்சம் தூக்கலா. உங்கம்மாவுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

உன் வியாதிய நான் கண்ணால பாத்தாச்சு. அதுவும் புதுக் கண்ணால. புரை எடுக்க லால்குடிப் பக்கத்துலேருந்து வந்தவன வெக்கையில வேக விடக் கூடாதுன்னு, ஏசி இருக்குற உங்க ரூம்லயே பாய் போட்டுப் படுக்க வச்சீங்க. மே மாசத்துத் திருச்சியில ராத்திரியும் 26, 27 டிகிரிக்குக் கீழ இறங்காது, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி அந்த ரூம் எனக்கு இருட்டாத்தான் இருந்துச்சு. கட்டு அவுத்த அன்னிக்கு ராத்திரி பாத்தா, சமயபுரம் பூச்சொரிதலுக்குப் போற வண்டி மாதிரி ஜெகஜ்ஜோதியா இருக்கு! என்னடா இது, கண்ணு தெரிய வச்சாங்களா, காட்சி தெரிய வச்சாங்களான்னு பயந்துட்டேன். உன் தங்கச்சி, அதான் கி.ஆ.பெ. விசுவநாதம் மருத்துவக் கல்லூரியில படிக்கிறவ, அவதான் விளக்குனா. வயசாக ஆக கண்ணு லென்ஸ் மஞ்சளடிச்சுப் போயிடுமாம். மஞ்சள் லென்ஸ் நீல வெளிச்சத்த வடிகட்டி நிறுத்திடுமாம். அத எடுத்துட்டுப் புதுசு வச்சதும் அத்தனை வருஷமா வாசல்ல நின்ன நீலமெல்லாம் ஒரே நாள்ல உள்ள வந்துடுச்சு.

வந்த நீலத்த வச்சு உன் ரூமக் கணக்கெடுத்தேன். ஏசி நெத்தியில 18னு கொட்டை எழுத்துல ஒரு நம்பர். அதுக்குப் பக்கத்துல ஸ்டெபிலைசர், பச்சை. டிவிக்கு அடியில ஒரு சிவப்பு. செட்டாப் பாக்ஸுக்கு நீலம், கூடவே அது மணியும் சொல்லுது, யாரும் கேக்காமலே. மூலையில வைஃபை பெட்டி, எனக்குக் கண்ணடிச்சுக்கிட்டே இருக்கு. எழுபது வயசுக்கு மேல என்னைப் பாத்துக் கண்ணடிச்சது அது ஒண்ணுதான். கொசு மெஷின் சிவப்பு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சுவிட்சுக்கு ஒரு வெளிச்சம். லேப்டாப் சார்ஜர்ல ஒரு புள்ளி. உன் ஃபேன்கூட புது மாடலு, ரிமோட்ல சுத்துறது, அதுக்கும் வயித்துல ஒரு விளக்கு. இதுக்கு மேல தலைமாட்டுல ஆளுக்கொரு போனு. நீயும் உன் பொண்டாட்டியும் கண்ண மூடிட்டாலும் அந்த ரூம்ல ஒரு பஞ்சாயத்தே முழிச்சுக்கிட்டுதான் இருக்கு.

நம்ம வீட்டுல முன்னாடி இப்படி இல்ல. உன் அப்பன் பொறந்தப்ப ராத்திரி முழிச்சிருந்த மெஷின் ஒரே ஒரு வால்வு ரேடியோ. அத வச்சிருக்கிறதுக்கு போஸ்டாபீஸ்ல லைசென்ஸ் பணம் கட்டணும். திருச்சி வானொலி நிலையம் 1939லேருந்து பேசிக்கிட்டு இருக்கு, என்னையவிட மூத்தது. ஆனா வயசுக்கேத்த புத்தி. பதினோரு மணி வாக்குல வணக்கம் சொல்லிட்டு அதுவே போய்ப் படுத்துடும். இலங்கை வானொலியில ‘இரவின் மடியில்’னு ஒரு நிகழ்ச்சி வரும். கேட்டவன் பாதிப் பாட்டுலயே தூங்கிடுவான். மூடுன நிலையத்த நீ எப்படித் திருகுனாலும் கொர்ருன்னு ஒரு சத்தம்தான். வேற வழியில்லாம உலகமே தூங்குச்சு. இப்ப உன் கையில இருக்கே ஒரு நிலையம், அது ஆரம்பிச்சதுலேருந்து ஒரு தடவைகூட வணக்கம் சொன்னதில்ல. நீயாத்தான் சொல்லணும். உனக்கு அந்த மரியாதை தெரியல.

அப்புறம் அரசாங்கமே பொருளக் கொண்டுவந்து வீட்டுல இறக்க ஆரம்பிச்சுது. 2006ல கலைஞர் கலர் டிவி குடுத்தாரு. 2011ல அம்மா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் குடுத்தாங்க, படிக்கிற புள்ளைங்களுக்கு லேப்டாப்பும் குடுத்தாங்க. எல்லாத்தையும் சொருகி வச்சுட்டு நிமிந்து பாத்தா கரண்ட் இல்ல. 2012 ஞாபகமிருக்கா? மெட்ராஸ்காரனுக்கு ரெண்டு மணி நேரம் வெட்டு, நமக்கு நாள்ல பாதி நேரம் வெட்டு. அதே வருஷம் பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொல்லுச்சு. டெல்லி ராம்லீலா மைதானத்துல ராத்திரி தூங்கிக்கிட்டு இருந்த கூட்டத்தப் போலீஸ் எழுப்பி விரட்டுன வழக்கு. தூக்கமும் மனுசனோட அடிப்படை உரிமைதான்னு அதுல எழுதுனாங்க. பேப்பர்ல அதப் படிச்சப்ப நான் மொட்டை மாடியில பனையோலை விசிறியோட உக்காந்திருந்தேன். உரிமை என்கிட்ட இருந்துச்சு, தூக்கம் கொசுகிட்ட இருந்துச்சு.

அந்த வருஷம்தான் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்துச்சு. வந்தது சரி, கரண்ட் ஒழுங்கா வந்ததுக்கு அப்புறமும் அது போகல. படுக்கை ரூம் கதவுக்குப் பின்னால உக்காந்து ஊங்குது. மலிவுன்னு சதுர அலை இன்வெர்ட்டர வாங்கிட்டா, கரண்ட் போனதும் ஃபேனும் அதோட சேந்து ஊங்கும். சைன் அலைன்னு கேட்டு வாங்குனா அந்தச் சத்தம் வராது. இத உனக்குச் சொல்றதுக்கு இஞ்சினியர் வேண்டியதில்ல, ஆனா நீயே இஞ்சினியர், அதான் உனக்குத் தெரியல.

சரி, நீலத்துக்கு வருவோம். எங்க காலத்துல மெஷினுக்கு நெத்தியில இருந்ததெல்லாம் சிவப்புப் பொட்டுதான். 1962ல அமெரிக்காவுல நிக் ஹோலோன்யாக்னு ஒருத்தர் கண்ணுக்குத் தெரியிற சிவப்பு எல்.இ.டி. செஞ்சாரு. பிரகாசமான நீலம் மட்டும் முப்பது வருஷம் யாருக்கும் படியல. அகாசாகி, அமானோ, நாகமுரான்னு ஜப்பான்ல பொறந்த மூணு பேரு விடாப்பிடியா நின்னு அத ஏத்தி வச்சாங்க. 2014ல அதுக்கு நோபல் பரிசு. தப்பே சொல்ல முடியாது, அந்த நீலத்துலேருந்துதான் வெள்ளை எல்.இ.டி. பல்பே வந்துச்சு. அதுக்கு முன்னாடி நாங்க ராத்திரிக்கு ஜீரோ வாட் பல்புன்னு ஒண்ணு எரிச்சோம். பேருதான் ஜீரோ, தின்னது 15 வாட்டு. பழைய மீட்டருக்கு அவ்வளவு கம்மியா ஓடுறது கண்ணுல படாது. ஈ.பி.காரனுக்கும் படாது. அந்த நாள்ல மீட்டருக்கும் புரை இருந்துச்சு.

அந்த நீலம் என்ன பண்ணுதுன்னா, கண்ணுக்குள்ள பாக்குறதுக்குன்னு இல்லாம, பகலா ராத்திரியான்னு மூளைக்குத் தகவல் சொல்றதுக்குன்னே தனி செல்லு இருக்காம். அதுக்கு 480 நானோமீட்டர் பக்கத்துல இருக்குற நீலம்தான் ரொம்ப உறைக்குமாம். நீலம் வந்தா பகல்னு எழுதிக்கும். இருட்டுனாத்தான் மூளைக்குள்ள ஒரு பட்டாணி அளவு சுரப்பி மெலடோனின விடும், உடம்புக்கு ராத்திரி பொறக்கும். உடம்புக்குள்ள இப்படி ஒரு கடிகாரம் ஓடுறதுக்குக் காரணமான ஜீனப் பிரிச்செடுத்துக் காட்டுன மூணு பேருக்கு 2017ல நோபல். நீலத்த ஏத்துனவங்களுக்கு 2014ல, அது எந்தக் கடிகாரத்தக் குழப்புதோ அதத் தொறந்து பாத்தவங்களுக்கு 2017ல. ஸ்வீடன்காரன் ரெண்டு பக்கமும் மொய் வச்சுட்டான்.

இதக் கேட்டதும் உன் மூஞ்சி பிரகாசமாயிடுச்சு பாரு! பழி போட ஆளு கிடைச்சுடுச்சு. நீலம்தான் குற்றவாளி, உடனே நீலத்த வடிகட்டுற கண்ணாடி ஒண்ணு ஆர்டர் போடலாம்னு கை பரபரங்குது. நில்லுடா. பாஸ்டன்ல ஒரு ஆஸ்பத்திரியில 12 பேரக் கூட்டி வந்து சோதிச்சிருக்காங்க, 2015ல அத அச்சிட்டாங்க. அஞ்சு ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னால நாலு மணி நேரம் ஒளிவிடுற திரையில படிக்கணும், இன்னொரு அஞ்சு ராத்திரி காகிதப் புத்தகம் படிக்கணும். திரையில படிச்ச நாள்ல மெலடோனின் பாதிக்கு மேல கொறஞ்சு போச்சு, கடிகாரமும் ஒன்றரை மணி நேரம் பின்னுக்குப் போச்சு. ஆனா படுத்து எவ்வளவு லேட்டாத் தூங்குனாங்க தெரியுமா? சுமாரா பத்து நிமிஷம். நாலு மணி நேரம் உத்துப் பாத்ததுக்குப் பத்து நிமிஷம்! நீ ரெண்டு மணி வரைக்கும் உருண்டுக்கிட்டு இருக்கியே, அந்த மிச்ச நேரத்துக்கெல்லாம் யார் பொறுப்பு? கண்ணாடி விஷயத்தையும் கேட்டுக்க. 2023ல காக்ரேன்ங்குற மருத்துவ ஆராய்ச்சி அமைப்புக்காரங்க 17 ஆராய்ச்சிய ஒண்ணா வச்சு அலசிட்டு, கண்ணு சோர்வுக்கு அதனால பெரிசா பிரயோஜனம் தெரியல, தூக்கத்துக்கும் உறுதியா ஒண்ணும் சொல்றதுக்கில்லன்னு எழுதிட்டாங்க. விக்கிறவன் மட்டும் நல்லாத் தூங்குறான்.

டிவிய ஓட விட்டுட்டே தூங்குற உங்க மாமனார் கதை வேற. சிகாகோவுல 2022ல 20 பேர வச்சுப் பாத்தாங்க, அதுல பாதிப் பேர 100 லக்ஸ் வெளிச்சத்துல ஒரே ஒரு ராத்திரி தூங்க வச்சு. தூங்கும்போதே நெஞ்சு வேகமா அடிச்சுச்சாம், காலையில இன்சுலினும் சரியா வேலை செய்யலையாம். சர்க்கரைக்காரங்க இதக் கேட்டுக்கணும். நான் கேட்டுக்கிட்டேன், அதனால காப்பியில சர்க்கரை ஒரு ஸ்பூன் போதும். உன் ஏசி நம்பரும் செட்டாப் பாக்ஸும் அவ்வளவு வெளிச்சமெல்லாம் வராது. அதுங்க சில்லறைத் திருடன். அசல் ஆளு உன் தலையணைக்கு அடியில படுத்திருக்கான்.

நான் பாய்லேருந்து பாத்ததச் சொல்லட்டுமா? மணி பதினொண்ணு. லைட்ட அணைச்சீங்க. நல்ல புள்ளைங்கன்னு நெனச்சேன். ரெண்டு நிமிஷத்துல உன் மூஞ்சி மட்டும் வெளிச்சமாச்சு, அந்தப் பக்கம் அம்மாடி மூஞ்சி வெளிச்சமாச்சு. அபார்ட்மெண்ட் குரூப்ல யாரோ மோட்டார் போட்டது யாருன்னு கேட்டிருக்காங்க. நீ பதில் போட்ட. அதுக்கு ஒருத்தர் கைகூப்பி படம் போட்டாரு. அவருக்கு நீ கைகூப்புன. ஆபீஸ்ல ஒருத்தன் பதினொன்றரைக்கு ஏதோ கேட்டான், பெருமூச்சு விட்ட, திட்டிக்கிட்டே அவனுக்கும் பதில் போட்ட. அப்புறம் ஒருத்தன் பரோட்டா வீசுறதப் பாத்த. அப்புறம் இன்னொருத்தன் கொத்து பரோட்டா அடிக்கிறதப் பாத்த. வயிறு கடமுடங்குது, எந்திரிச்சுப் போயி ஃபிரிட்ஜத் தொறந்த. அதுல ஒரு வெளிச்சம். இதுல நீலம் என்னப்பா பண்ணுச்சு? நீ செவப்புத் திரையில பாத்தாலும் பரோட்டா பரோட்டாதான், ஆபீஸ்காரன் ஆபீஸ்காரன்தான்.

கும்பகர்ணன எழுப்புறதுக்கு ராவணன் என்ன பாடு பட்டான்! ஆயிரக்கணக்குல ஆளு, முரசு, சங்கு, யானைய விட்டு மிதிக்கிறதுன்னு ஒரு படையே வேலை செஞ்சுது. கம்பர் அந்த ராமாயணத்த ஸ்ரீரங்கத்துலதான் அரங்கேத்துனாருன்னு சொல்வாங்க, தாயார் சன்னதிகிட்ட அந்த மண்டபம் இன்னும் நிக்குது. இன்னிக்கு ராவணன் இருந்தா அவ்வளவு செலவு வேண்டாம். தம்பிய ‘லங்கா பேமிலி’ன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப்ல சேத்து விட்டா போதும். மறுநாளே கண்ணு செவந்து வந்து நிப்பான்.

படுத்திருக்கிறதுன்னா எப்படின்னு ஸ்ரீரங்கத்துலயே போய்ப் பாத்துட்டு வா. அங்க பெருமாளுக்கு வேலையே அதுதான். ராத்திரி அரவணை அமுது ஆனா நடை சாத்தியாச்சு. வைகுண்ட ஏகாதசி உற்சவத்துல உலா போய்ட்டுத் திரும்புனா வீணை வாசிச்சு உள்ள அழைச்சுக்கிட்டுப் போறாங்க, வீணை ஏகாந்தம்னு பேரு. காலையில விஸ்வரூபத்துக்குப் பசுவும் யானையும் வந்து நிக்கும். அவரு எந்திரிச்சதும் மொதல்ல பாக்குறது பசுவ. நீ எந்திரிச்சதும் மொதல்ல பாக்குறது, ராத்திரி உன் கைகூப்புக்கு யாரு திரும்பக் கைகூப்புனாங்கன்னு. இதுல ஒரு கூத்து கேளு. சன்னதியில நின்னு செல்பி எடுக்குற ஆளுங்க தொல்லை தாங்காம, 2022 டிசம்பர்ல ஹைகோர்ட் மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள்ள செல்போன் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. பெருமாளுக்கே நிம்மதியாப் படுக்கக் கோர்ட் உத்தரவு வேண்டியிருக்கு. உனக்கு யாரு போயி வாங்கித் தருவா?

சத்தத்துக்குச் சட்டம் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். 2000த்துல போட்ட விதி. ராத்திரி பத்துலேருந்து காலையில ஆறு வரைக்கும் குடியிருப்புப் பகுதியில 45 டெசிபலுக்கு மேல போகக் கூடாது. ஆஸ்பத்திரியச் சுத்தி 100 மீட்டர அமைதி மண்டலமா அறிவிச்சா 40தான். தில்லை நகர்ல ஆஸ்பத்திரியிலேருந்து 100 மீட்டர் தள்ளி ஒரு வீடு கண்டுபிடிச்சுக் குடு பாப்போம்! நியாயப்படி உங்க தெரு பூரா வாயப் பொத்திக்கிட்டு இருக்கணும். ஆனா வீட்டுக்குள்ள கத்துறதுக்குச் சட்டம் ஏது? மாடி டேங்க் ரொம்புனா ஒரு பொம்பளக் குரல் அலறுது. இடி இடிச்சா கீழ நிக்கிற கார் ஒண்ணு அழுவுது, அத எடுத்தவன் அசந்து தூங்குறான். ஸ்டெபிலைசர் டொக்குன்னு ஒரு தடவை, டொக்டொக்குன்னு ரெண்டு தடவை. போன் மேசையில கெடந்தாலும் உர்ருன்னு நகருது. பகல்ல இதெல்லாம் காதுலயே விழாது.

ஏசிய 18ல வச்சுட்டு ரெண்டு போர்வைய இழுத்துப் போத்திக்கிற உங்க சாமர்த்தியம் எனக்குப் புடிச்சிருக்கு. ஊட்டிக்குப் போகாமலே கம்பளிக்கு வேலை. 2020 ஜனவரியிலேருந்து நட்சத்திரம் ஒட்டுன ஏசியெல்லாம் போட்டதும் 24ல ஆரம்பிக்கணும்னு அரசாங்கம் சொல்லிடுச்சு. ஆரம்பிக்கத்தான் செய்யுது, நீதான் கீழ இறக்குற. இதோ, நடந்தே போற தூரத்துல உறையூர்ல வெக்காளியம்மன் இருக்கா. கூரையே வேண்டாம்னு வெட்டவெளியில உக்காந்திருக்கா. உன்ன அப்படி இருக்கச் சொல்லல. 25, 26ல வச்சு ஃபேன மெதுவா விடு. கரண்ட் மிச்சம், மூக்கடைப்பும் மிச்சம்.

உன் கையில கட்டியிருக்கியே கடிகாரம், அதப் பத்திப் பேசாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. காலையில எந்திரிச்சதும் “தாத்தா, நேத்து என் தூக்கம் 61 மார்க்”ங்குற. நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன், தூக்கத்துல ஃபெயிலானதில்ல. 2017ல அமெரிக்காவுல தூக்க வைத்தியம் பாக்குறவங்க இப்படி ஆளுங்களப் பத்தி எழுதியே வச்சுட்டாங்க. தூக்கத்த அளக்குற பட்டையக் கட்டிக்கிட்டு, மார்க் கொறஞ்சு போச்சேங்குற கவலையிலயே தூக்கம் கெட்டுப் போய் வந்தாங்களாம். தூங்குனியா இல்லையாங்குறது உனக்கே தெரியும்டா. அதுக்கு மணிக்கட்டுகிட்ட சிபாரிசு கேக்காத.

இன்னொரு வகையும் இருக்கு. உங்க பெரியப்பா. ராத்திரி பன்னெண்டு மணிக்கு எனக்கு ஒரு செய்தி அனுப்புறாரு, செல்போன் கதிர்வீச்சு மூளையத் தின்னுடும், தூங்கும்போது பக்கத்துல வைக்காதீங்கன்னு. எதுலேருந்து அனுப்புனாரு? தலைமாட்டுல இருந்த செல்போன்லேருந்து. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2011ல இந்த ரேடியோ அலைய ‘இருக்கலாம்’ங்குற 2பி பட்டியல்ல போட்டது நெசம்தான். அதே பட்டியல்ல ஆசியப் பாரம்பரிய ஊறுகாய்க் காய்கறியும் இருக்கு. பெரியப்பா தட்டுல ஊறுகாய் இல்லாத நாள் உண்டான்னு கேட்டு எழுதுனேன். ரெண்டு நீல டிக் வந்துச்சு, பதில் வரல. போனத் தள்ளி வைக்கிறதுக்குக் கதிர்வீச்சு வரைக்கும் போக வேண்டியதில்ல, கை நீட்டுனா எட்டுற தூரத்துல இருக்குங்குறதே போதும்.

இப்ப வைத்தியத்தக் கேளு. அம்மாடி, நீயும் வா. உன்கிட்ட ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருக்குமே, கறுப்போ மெரூனோ, பெரிய சைஸா எடுத்துக்கிட்டு வா. செட்டாப் பாக்ஸுக்கு ஒண்ணு, ஸ்டெபிலைசருக்கு ஒண்ணு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு வரிசையா. ஏசிக்கு மொதல்ல ரிமோட்டப் பாரு, டிஸ்பிளேன்னோ லைட்டுன்னோ ஒரு பொத்தான் இருக்கும், அமுக்குனா அந்த நம்பர் அணைஞ்சுடும். இல்லன்னா அதுக்கும் நெத்தியில பொட்டு வச்சு விடு, லட்சணமா இருக்கும். ரிமோட் பேசுற இடத்த மட்டும் மறைச்சுடாத, அப்புறம் ஏசி உன் புருஷனாட்டம் சொன்னதக் கேக்காது. கொசு மெஷின்ல ஒட்டாத, அது சுடும். டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை மூணையும் சுவத்துல இருக்குற சுவிட்சுலயே அணைக்கலாம், ரிமோட்ல அணைச்சா அது படுக்காது, உக்காந்துக்கிட்டு இருக்கும். இன்வெர்ட்டர ஹாலுக்குத் தள்ளுங்க, பேட்டரிக்கு எப்படியும் காத்து வேணும். டேங்க் பொம்பளைய ராத்திரி பேச விடாதீங்க, மோட்டார சாயங்காலமே போட்டா அவளுக்கு வேலையே இல்ல.

அலாரத்துக்குத்தான் போன் வேணும்னு சொல்லுவ, தெரியும். ஒரு டைம்பீஸ் வாங்கு. பெரியகடை வீதியில கேட்டுப் பாரு, காசு பெரிசா ஆகாது. அது டிக் டிக்னு சத்தம் போடுதுன்னு அடுத்த புகார் கொண்டு வருவ, அதனால கம்முனு ஓடுறதாப் பாத்து வாங்கு. பச்சையா மினுங்குற முள்ளு வேண்டாம். வாங்கி, கைக்கு எட்டாத மூலையில வை. எந்திரிச்சு நடந்து போயி அணைச்சாத்தான் அது அலாரம், இல்லன்னா ரேடியோ.

ரெண்டு போனும் ஹால்ல சார்ஜுல இருக்கட்டும். மொத ராத்திரி கை தலையணைக்கு அடியில துழாவும். ரெண்டாவது ராத்திரி ரெண்டு பேரும் பேசிக்குவீங்க, மொதல்ல சண்டையாத்தான் இருக்கும், பரவால்ல. நானும் உங்க பாட்டியும் ரேடியோ படுத்ததும் விளக்க அணைச்சோம், அஞ்சு புள்ளைங்க. இதுக்கு ஆராய்ச்சி எங்க வந்துச்சுன்னு கேக்காத. கொள்ளுப்பேரன் எப்பன்னும் நான் கேக்கல, கேட்டா உங்கம்மா என்ன லால்குடிக்குப் பஸ் ஏத்திடுவா.

அவசரமா யாராச்சும் கூப்பிட்டா? அதுக்கும் வழி இருக்கு. தொந்தரவு செய்யாதேன்னு ஒரு பொத்தான் உன் போன்லயே இருக்காம். அம்மா, அப்பா, மாமனார்னு நாலு பேருக்கு மட்டும் வாசல் தொறந்து வைக்கலாம். ஐபோனா இருந்தா, ஒரே ஆளு மூணு நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை கூப்பிட்டா மணி அடிக்கிற மாதிரியும் வச்சுக்கலாமாம். நெசமா அவசரம் உள்ளவன் ரெண்டாவது தடவை கூப்பிடுவான். பரோட்டாக்காரன் கூப்பிட மாட்டான். ஹால்ல மணியடிச்சா ரூமுக்குக் கேக்கும், உங்க அபார்ட்மெண்ட் சுவரு அவ்வளவு கனமில்ல.

அந்த நாலு பேர்ல என் பேரச் சேக்க வேண்டாம். ஊர்ல உங்க சித்தப்பன்கிட்ட ஏற்கெனவே சொல்லி வச்சிருக்கேன். ராத்திரி ரெண்டு மணிக்கு என் மூச்சு நின்னாலும் காலையில ஆறு மணிக்கு மேலதான் திருச்சிக்கு போன் போடணும், புள்ளைங்க தூங்கட்டும். நீ குளிச்சுட்டு, காப்பி குடிச்சுட்டு, நிதானமா வண்டியெடுத்துக்கிட்டு வா. நான் எந்திரிச்சு எங்கயும் போயிட மாட்டேன்.